கம்பெனி பாத்ரூம்ல எந்த சோப்பு வைக்கலாம்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டதை நானே ஒரு தடவை திருப்பிச் சொல்லிக்கிறேன், சரியாப் புரிஞ்சிருக்கான்னு பாத்துக்கங்க. மதுரை கப்பலூர் பக்கம் ரப்பர் பார்ட்ஸ் பண்ற யூனிட்டு, பகல் ஷிஃப்டுல 60 பேரு. கட்டி சோப்பு வச்சா மறுநாளே காணோம், லிக்விட் வச்சா "தண்ணியா இருக்குண்ணே, நாத்தம் வேற அடிக்குதுண்ணே"ன்னு ஆளுக சொல்றாய்ங்க, முதலாளி என்னடான்னா நாலு சானிடைசர் பாட்டிலை மாட்டிவிட்டு சோலிய முடிங்கப்பாங்கிறாரு, இதுல எந்த பிராண்டு சோப்பு வாங்குனா நல்லதுன்னு கேட்டிருக்கீங்க.

பிராண்டை கடைசியில சொல்றேன், ஏன்னா உங்க பிரச்சினை பிராண்டே இல்ல. நான் மதுரையில மொதல்ல ஒரு மில்லு, அப்பறம் ஒரு பார்ட்ஸ் கம்பெனின்னு அட்மின்ல 16 வருஷம் குப்பை கொட்டுனவன், இப்ப ஹவுஸ்கீப்பிங் சாமான் சப்ளை பண்றேன். அதனால சோப்பு விக்கிற ஆளே சொல்றேன், விலை கூடுன சோப்பு வாங்குறதால உங்களுக்கு ஒண்ணும் மாறப் போறதில்ல. அதை யாரு ஊத்துறா, எப்படி ஊத்துறா, ஸ்டோர் சாவி யாருகிட்ட இருக்கு, அங்கதான் கோளாறு.

நாளைக்கு வெள்ளனப் போயி ஒரு காரியம் பண்ணுங்க. வாஷ்பேசினுக்கு மேல செவுத்துல மாட்டியிருக்கிற டிஸ்பென்சரோட மூடியத் தொறந்து மோந்து பாருங்க, அப்படியே உள்பக்கமா ஒரு வெரல விட்டுத் தடவிப் பாருங்க. எங்க கம்பெனியில ஒரு தடவை லேடீஸ் பக்கமிருந்து கை அரிக்குதுன்னு ரெண்டு மூணு பேரு சொன்னாங்க, புது சோப்பு ஒத்துக்கலையோன்னு நெனச்சுத்தான் நான் போயித் தொறந்தேன். பச்சை கலர் சோப்பு, ஆனா உள்ள செவுத்தோரமா ரோஸ் கலர்ல வழுவழுன்னு ஒரு படலம், வெரலை எடுத்தா நூல் நூலா இழுக்குது, எலுமிச்சை வாசனைன்னு கேன்ல எழுதியிருந்த சாமான் மூணு நாளு ஊறுன நீச்சத்தண்ணி மாதிரி நாறுது. கழுவுற அக்காவக் கூப்பிட்டுக் கேட்டேன். "காலையில கால் டம்ளர் சோப்பு ஊத்துவேன் சார், மிச்சத்துக்குக் குழாயில தண்ணியப் புடிச்சு ஒரு குலுக்கு குலுக்கி மாட்டிருவேன், அப்பத்தான் மாசம் வரைக்கும் வரும்"னுச்சு. ஏன்க்கா அப்படின்னா, "மாசத்துக்கு ஒரு கேன்தான்னு ஸ்டோர்ல சொல்லிட்டாங்களே"ன்னுச்சு. அந்தக்கா மேல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க.

இப்ப கணக்குப் போடுவோம். ஒரு ஆளு நாளைக்கு நாலு தடவை கை கழுவுறாருன்னு வைங்க, டீ டயம் ரெண்டு, சாப்பாடு ஒண்ணு, பாத்ரூம் ஒண்ணு. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லி. 60 பேருக்கு 240 தடவை, 360 மில்லி. மாசம் 26 வேலை நாளுன்னா 9,360 மில்லி. அதாவது 5 லிட்டர் கேன் கிட்டத்தட்ட ரெண்டு வேணும். உங்க கம்பெனியும் எங்களை மாதிரியே குடுக்குறது ஒண்ணுன்னு வைங்க. அப்ப மிச்ச பாதிய யாரு போடுறா? குழாய்தான். உங்க ஆளுக "தண்ணியா இருக்கு"ன்னு சொல்றது பொய்யில்ல தம்பி, அதுல பாதி தண்ணியேதான்.

தண்ணி கலந்தா சோப்பு கொஞ்சம் நீர்த்துப் போகும், அவ்வளவுதானேன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. அவ்வளவு இல்ல. லிக்விட் சோப்புக்குள்ள கெட்டுப் போகாம இருக்க ஒரு மருந்து போட்டிருப்பாங்க, அந்த கெட்டித்தன்மைக்குத்தான் அது கணக்கு. நீங்க பாதி தண்ணி ஊத்துனா அந்த மருந்தும் பாதியாப் போச்சு, கூடவே சின்டெக்ஸ் டேங்குல கெடந்த தண்ணியில இருக்குற கிருமியும் உள்ள வந்திருச்சு. சூடோமோனாஸ், செராஷியா, கிளெப்சியெல்லான்னு சில பாக்டீரியா இருக்கு, ஈரமும் கொஞ்சம் சோப்பும் இருந்தாப் போதும், அதுக பாட்டுக்கு டிஸ்பென்சர் செவுத்துல ஒட்டிக்கிட்டு படலம் கட்டிக்கும். நீங்க மேல மேல புது சோப்பை ஊத்த ஊத்த அடியில இருக்குறது காலியாவதே இல்ல. வீட்டுல ஒரு கரண்டி பழைய தயிரை பால்ல விட்டா விடியுறதுக்குள்ள பூராப் பாலும் தயிராயிருதுல்ல, அந்த உறை மோர் வேலையத்தான் அடியில கெடக்குற பழைய சோப்பு பண்ணுது.

இது நானா கெளப்புற பீதி இல்ல. அமெரிக்காவுல ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துல பண்ணி 2011-ல வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. அங்க இருந்த 14 டிஸ்பென்சருமே இந்த மாதிரி மேல ஊத்துற டைப்பு, 14-லயும் கிருமி. அதுல கை கழுவுன பசங்களுக்கும் டீச்சர்களுக்கும் கழுவுறதுக்கு முன்னாடி இருந்ததைவிட கழுவுன பெறகு கையில ஒரு வகை பாக்டீரியா 26 மடங்கு கூடியிருந்துச்சு. கை கழுவி அழுக்காகிட்டு வந்திருக்காங்க. அதே எடத்துல சீல் பண்ணுன பை மாட்டுற டிஸ்பென்சரா மாத்தி ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ஒண்ணுலயும் கிருமி இல்ல. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குக் குடுத்திருக்கிற வழிகாட்டுதல்லயும், பாதி காலியான டிஸ்பென்சர்ல சோப்பை ஊத்தி நெரப்பாதேன்னு தெளிவாவே போட்டிருக்கு.

அதனால என்ன பண்ணலாம்? சீல் பை டைப்பு நல்லதுதான், ஆனா அந்தப் பையி அந்தக் கம்பெனியோடதையே திரும்பத் திரும்ப வாங்கணும், நம்ம முதலாளிமாரு ரெண்டாவது மாசமே மூஞ்சியச் சுளிப்பாரு. நான் பண்ணி வச்சது வேற. செவுத்து டிஸ்பென்சரைக் கழட்டிட்டு, அரை லிட்டர் பம்ப் பாட்டிலா வாங்கி ஒரு பேசினுக்கு ரெண்டு செட்டு வச்சேன், ஒரு செட்டு வெள்ளை மூடி, ஒரு செட்டு நீல மூடி. பாட்டிலைத் தூக்கிட்டுப் போகாம இருக்க செவுத்துல ஒரு கம்பி ஸ்டாண்டு. வெள்ளை ஓடும்போது நீலம் ரெஸ்ட்டுல இருக்கும். வெள்ளை முழுசாக் காலியான பெறகுதான் எடுக்கணும், அடியில கொஞ்சம் இருக்கேன்னு பாவம் பாக்கக்கூடாது, கழுவி விட்டுரணும், சுடுதண்ணி ஊத்தி பம்பையும் பத்து தடவை அமுக்கி அந்தச் சுடுதண்ணி பம்பு வழியாவே வெளிய வர்ற மாதிரி விட்டு, அப்பறம் மொட்டை மாடியில கவுத்துக் காய வச்சு, நல்லாக் காஞ்ச பெறகுதான் மறுபடி சோப்பு. மதுரை வெயிலு சும்மாத்தானே அடிக்குது, இதுக்காவது ஆகட்டும். ஊத்துன தேதிய மார்க்கர்ல பாட்டில் மேல எழுதிருங்க. ஏற்கெனவே வழுவழுப்பு புடிச்ச டிஸ்பென்சர் இருந்தா அதைக் கழுவிக்கிட்டு உக்காராதீங்க, பிளீச் போட்டாக்கூட அந்தப் படலம் லேசுல போகாது, கொஞ்ச நாள்ல திரும்ப வந்திரும், தூக்கிப் போட்டுருங்க.

அடுத்து சாவி. இதைச் சொன்னா சிரிப்பீங்க. எங்க கம்பெனியில சோப்பு கேனு ஸ்டோர் பீரோவுல பூட்டி இருக்கும், சாவி ஸ்டோர்காரரு இடுப்புல. சாப்பாட்டு பெல்லு 1 மணிக்கு. ஸ்டோர்காரரு சுகருக்கு மாத்திரை போடுற ஆளு, 12:45-க்கே டிபன் கேரியரைத் தூக்கிட்டு மரத்தடிக்குப் போயிருவாரு. அத்தனை பேரும் கையக் கழுவ வர்ற அந்த இருவது நிமிஷத்துல சோப்பு தீந்தா, ரெண்டரை மணி வரைக்கும் சோப்பு கிடையாது. அதுக்குள்ள எல்லாரும் வெறுந்தண்ணியில நனைச்சுட்டு சாப்பிட்டு முடிச்சிருவாய்ங்க. இப்படி எத்தனை வருஷம் ஓடுச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா ரெஜிஸ்டர்ல சோப்பு இஷ்யூ பண்ணுன கணக்கு ரொம்பச் சரியா இருக்கும்! கடைசியில ஒரு 5 லிட்டர் கேனை ஹவுஸ்கீப்பிங் அக்கா பொறுப்புல அவங்க ரூம்லயே வச்சிட்டு, காலி கேனைக் குடுத்தா புது கேனுன்னு மாத்துனோம். களவு போகும்னு எல்லாரும் பயமுறுத்துனாய்ங்க. ஒரு சொட்டு போகல.

களவுன்னதும் உங்க கட்டி சோப்புக்கு வர்றேன். மொதல்ல ஒரு தப்பான நெனப்பைத் தூக்கிப் போடணும், பல பேரு தொட்ட கட்டி சோப்புல கிருமி ஒட்டும்னு. சோப்புக்கட்டி மேல கிருமி இருக்கத்தான் செய்யும், ஆனா அது அடுத்த ஆளு கைக்குப் போறதில்லன்னு 1988-லயே சோதனை பண்ணிட்டாங்க, வேணும்னே கட்டி சோப்புல பாக்டீரியாவத் தடவி 16 பேரைக் கழுவச் சொல்லிப் பாத்ததுல ஒருத்தர் கையிலயும் அது மாட்டல. தேச்சு தண்ணியில அலசும்போது அது போயிருது. சோப்பு தண்ணியில ஊறிக்கிட்டே கெடக்கக் கூடாது, அதான் முக்கியம். சோப்பு டப்பாவுல அடியில ஓட்டை இருக்கணும், இல்லைன்னா சின்ன வெங்காயம் வர்ற வலைப்பை இருக்கே, அதைக் கத்தரிச்சு சோப்பை உள்ள போட்டு முடிச்சுப் போட்டு குழாயில தொங்க விடுங்க. சொட்டச் சொட்டக் காஞ்சிரும், வலையோட தேச்சா நொரையும் நல்லா வரும்.

காணாமப் போறதுக்கு நான் கண்ட வைத்தியம், ஆளுக்கு மாசம் ஒரு குளியல் சோப்பு சம்பளத்தோட குடுத்துர்றது. பழைய மில்லுக்காரங்களைக் கேட்டுப் பாருங்க, சோப்பும் துண்டும் குடுக்குறது அந்தக் காலத்து வழக்கம்தான். வீட்டுக்கு ஒரு சோப்பு கெடைச்சிட்டா பேசின்ல இருக்குற பாதி கரைஞ்ச சோப்பை யாரு டவுசர் பையில போட்டுட்டுப் போகப் போறா. முதலாளிக்கு இது செலவாத் தெரியும், ஆனா வாரத்துக்கு ஆறு சோப்பு தொலையிறதையும் கூட்டிக் காட்டுங்க.

கப்பலூர் தண்ணி எப்படின்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, போர் தண்ணின்னா கடுப்புத் தண்ணிதான், அதாவது கடின நீர். அதுல கட்டி சோப்பு நொரைக்காது. ஏன்னா நெசமான சோப்புங்கிறது எண்ணெயும் காஸ்டிக் சோடா மாதிரி காரமும் சேந்து வர்ற உப்பு, கடுப்புத் தண்ணியில இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் அதைப் புடிச்சு திப்பித் திப்பியாத் திரிய வச்சிரும், பேசின் ஓரத்துல வெள்ளையா ஒட்டிக்கிட்டு நகத்தால சொரண்டுனாத்தான் வரும்ல, அதேதான் அது. அதனால ஆளுக இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு தேச்சுக்கிட்டே இருப்பாய்ங்க, சோப்பு சீக்கிரம் தீரும். கேன்ல வர்ற ஹேண்ட்வாஷ் பேருதான் சோப்பு, உள்ள இருக்குறது பெரும்பாலும் எஸ்.எல்.ஈ.எஸ்-னு ஒரு நொரைக்கிற கெமிக்கல், அது கடுப்புத் தண்ணியிலயும் ஓரளவுக்கு நல்லாவே வேலை பாக்கும். ஆக உங்க ஊரு தண்ணிக்கு லிக்விடுதான் சரி. லாரித் தண்ணியோ நல்ல தண்ணியோ வர்ற எடமா இருந்தா கட்டி சோப்பே போதும்னு சொல்லியிருப்பேன். குழாய் நுனியில இருக்குற வலையும் உப்புப் புடிச்சு அடைச்சிரும், மாசம் ஒரு தடவை கழட்டி எலுமிச்சம்பழச் சாறுலயோ வினிகர்லயோ ராத்திரி பூரா ஊறப் போடுங்க.

ரப்பர் யூனிட்டுங்கிறதால கார்பன் பிளாக்கு, அதான் ரப்பர்ல கலக்குற கறுப்புப் பொடி, அதைப் பத்தி தனியாச் சொல்லணும். அது சாதாரண அழுக்கு இல்ல, கை ரேகைக்குள்ள, நகக்கண்ணுல போயி உக்காந்துக்கும், அதுவும் மெஷின் எண்ணெயோட சேந்துட்டா சொல்லவே வேணாம். உங்க ஆளுக என்ன பண்ணுவாய்ங்கன்னு எனக்குத் தெரியும், பாத்திரம் வெளக்குற பவுடரையும் மண்ணையும் சேத்து பரபரன்னு தேய்ப்பாய்ங்க, இல்லைன்னா தின்னரையோ பெட்ரோலையோ துணியில நனைச்சுத் தொடைப்பாய்ங்க. ரெண்டும் வேணாம். தோலு லேசான புளிப்புத் தன்மையில இருக்குறது, புளிப்பையும் காரத்தையும் அளக்குற பி.ஹெச் கணக்குல 5 சொச்சம், கட்டி சோப்பே 9, 10 இருக்கும், அந்தப் பவுடர் அதையும் தாண்டும். தெனமும் அதுல தேச்சா தோலுல இருக்குற எண்ணெய்ப் பசை போயி வெடிச்சிரும், வெடிச்ச தோலுல அழுக்கு இன்னும் ஆழமா எறங்கும், அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்ப்பாய்ங்க, இப்படியே போகும். தின்னரு தோலு வழியாவே ஒடம்புக்குள்ள போற சாமான்.

கிரீஸ் கைக்கு ஒரு முறை இருக்கு. தண்ணியே படாம, காஞ்ச கையிலயே மொதல்ல கொஞ்சம் எண்ணெயத் தடவித் தேய்க்கணும், கடலையெண்ணெயோ தேங்காயெண்ணெயோ எது மலிவோ அது. எண்ணெய்தான் எண்ணெயக் கரைக்கும். கறுப்பெல்லாம் இளகி வந்த பெறகு வேஸ்ட் துணியில தொடைச்சிட்டு, அதுக்கப்பறம் லிக்விடைப் போட்டு இன்னும் தண்ணி தொடாம ஒரு தேய், கடைசியிலதான் தண்ணி. மொதல்லயே கைய நனைச்சிட்டா தண்ணி குறுக்க நின்னுக்கிட்டு சோப்பை கிரீஸ்கிட்ட அண்ட விடாது. கடையில ஹேண்ட் கிளீனர் பேஸ்ட்டுன்னு டப்பாவுல வரும், நறநறன்னு இருக்கும், அதுவும் இதே முறைதான், காஞ்ச கையில போடணும். மிக்ஸிங் செக்ஷன்காரங்களுக்கு மட்டும் அதை வாங்கிக் குடுங்க, எல்லாருக்கும் வேணாம். நகத்துக்கு ஒரு சின்ன பிரஷ், ஆளுக்கு ஒண்ணு, பொதுவா ஒண்ணு வைக்காதீங்க.

முதலாளி சொல்ற சானிடைசர் கதைக்கு வருவோம். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ஒரு பெட்டுலருந்து அடுத்த பெட்டுக்குப் போறப்ப சானிடைசர் ரொம்ப நல்லது, ஏன்னா அவங்க கையில பாத்தாத் தெரியிற அழுக்கு கிடையாது. உங்க ஆளு கையில கிரீஸு, தூசி, வேர்வை. அது மேல சானிடைசரை ஊத்துனா அழுக்கு எடம் மாறும், போகாது. சோப்புக்கும் அதுக்கும் வித்தியாசமே இதுதான், சோப்புக்கு ஒரு முனை எண்ணெயப் புடிக்கும், மறு முனை தண்ணியப் புடிக்கும், அழுக்கை சுத்தி வளைச்சு உருட்டித் தண்ணியோட இழுத்துட்டுப் போயிரும். சானிடைசர் இருக்குற எடத்துலயே கொல்லப் பாக்கும், அள்ளிட்டுப் போகாது. கெமிக்கல் எதையும் அது எடுக்காது. வாந்தி பேதி பரப்புற நோரோ வைரஸுக்கு அது அவ்வளவா வேலைக்கு ஆகுறதும் இல்ல. இன்னொண்ணு, அதுல 60 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருந்தாத்தான் பிரயோஜனம், அப்படி இருந்தா அது தீப்புடிக்கிற சாமான், உங்க மோல்டிங் பிரஸ் பக்கத்துலயோ வெல்டிங் பண்ற எடத்துலயோ மாட்டிவிட்டா அதுக்கு வேற தனியா பயந்துக்கிட்டு இருக்கணும். ஆபீஸ் ரூம்ல, கேட்டுல ரெஜிஸ்டர் பக்கத்துல ஒண்ணு வைங்க, போதும்.

கை கழுவ எவ்வளவு நேரம்னு போஸ்டர் ஒட்டுறாங்க. உலக சுகாதார நிறுவனம் மொத்தமா 40-லருந்து 60 செகண்டு சொல்லுது, தேய்க்கிறது மட்டும்னா 20 செகண்டாவது வேணும்பாங்க. இதை ஒட்டுறதுக்கு முன்னாடி உங்க குழாயை எண்ணுங்க தம்பி. 60 பேரு, ஆளுக்கு 40 செகண்டு, மொத்தம் 2,400 செகண்டு, அதாவது 40 நிமிஷம். ரெண்டு குழாய் இருந்தா கடைசி ஆளு 20 நிமிஷம் வரிசையில நிக்கணும். சாப்பாட்டு நேரமே அரை மணி. எவன் நிப்பான்? அதனாலதான் நனைச்சுட்டு உதறிட்டு ஓடுறாய்ங்க, அறிவு இல்லாம இல்ல. சாப்பிடுற எடத்துக்குப் பக்கத்துலயே ஒரு நீளத் தொட்டி கட்டி ஆறு குழாய் வச்சா ஏழு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். கொத்தனாருக்கு ரெண்டு நாள் வேலை. அது முடியாட்டி செக்ஷன் வாரியா பத்து நிமிஷம் முன்னப் பின்ன பெல் அடிங்க.

நம்ம ஆளுககிட்ட இன்னொரு பழக்கம் கவனிச்சிருப்பீங்க, சாப்பிட்ட பெறகு சோப்பு தேடுவாய்ங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி தேட மாட்டாய்ங்க. முன்னாடி வெறுந்தண்ணி, பின்னாடி மீன்கொழம்பு வாசம் போக மூணு அமுக்கு. கையாலதான் சாப்பிடுறோம், அதனால முன்னாடி கழுவுறதுதான் காரியம். நான் ஒண்ணும் பேசல, சோப்பு பாட்டிலை பாத்ரூம் உள்ள இருந்து எடுத்து சாப்பாட்டு ஹாலுக்குப் போற வழியில இருந்த தொட்டியில வச்சேன், டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு அதைத் தாண்டித்தான் போகணும். பாதிப் பேரு தானா அமுக்குனாய்ங்க. பாத்ரூமுக்கு வேற பாட்டில் தனியா வச்சிருங்க, அங்க இல்லாமப் பண்ணிராதீங்க.

தொடைக்கிறது. ஈரக்கையி காஞ்ச கையை விட வெரசாக் கிருமிய வாங்கும், குடுக்கும். பேசின் பக்கத்துல ஒரு டர்க்கி டவல் தொங்கும் பாருங்க, திங்கக்கெழமை வெள்ளையா இருந்து வெள்ளிக்கெழமை ஆட்டுக்கல் துணி மாதிரி ஆயிரும், அதை மொதல்ல எடுத்துருங்க. டிஷ்யூ பேப்பர் 60 பேருக்குக் கட்டுப்படியாகாது, அடைப்பு வேற. புரோட்டாக் கடை மாதிரி பேப்பரைக் கிழிச்சு சொருகி வைக்கிறதும் வேணாம், அச்சு மை பூராவும் கையில ஒட்டும். ஆளுக்கு வருஷம் ரெண்டு ஈரிழைத் துண்டு வாங்கிக் குடுத்துருங்க, லேசா இருக்கும், தோள்ல போட்டா அரை மணியில காஞ்சிரும், வீட்டுல தொவைச்சுக் கொண்டு வருவாய்ங்க.

சரி, பிராண்டு. லூசுல விக்கிற கேனு வாங்கலாமான்னா வாங்கலாம், ஆனா கேன்ல தயாரிச்ச தேதி, பேட்ச் நம்பர், தயாரிச்சவரு விலாசம் மூணும் இருக்கணும், வெறும் பினாயில் கடை கேன்ல ஸ்டிக்கரே இல்லாம ஊத்திக் குடுக்குறதைத் தொடாதீங்க. கெட்டியா இருக்குறதைப் பாத்து ஏமாறாதீங்க, அந்தக் கெட்டி பெரும்பாலும் உப்புப் போட்டு வர்றது, கெமிக்கல் கூடன்னு அர்த்தமில்ல. ரெண்டு பேரு கையில ஒரு வாரம் குடுத்துப் பாருங்க, வறண்டு வெள்ளை பூத்தா அது வேணாம். கட்டி சோப்பு வாங்குனா கவர்ல டி.எஃப்.எம் பாருங்க, சோப்புல கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு அது, டாய்லெட் சோப்புன்னு போட்டு கிரேடு 1-ன்னா 76 சதவீதம், கிரேடு 2 70, கிரேடு 3 60, அதுக்குக் கீழ பேதிங் பார்னு போட்டிருந்தா அது வேற ரகம், 40 இருந்தாலே போதும் அதுக்கு. கையக் கழுவ கிரேடு 3-யே ஏதேஷ்டம். ஆன்டி பாக்டீரியல்னு போட்டதுக்கு கூடக் காசு குடுக்காதீங்க, ட்ரைக்ளோசான் உட்பட 19 மருந்துகளை வீட்டுக்கு விக்கிற சோப்புல போடக் கூடாதுன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ 2016-ல சொல்லிருச்சு, சாதா சோப்பும் தண்ணியும் பண்றதைவிட அது கூடுதலா ஒண்ணு பண்ணுதுன்னு கம்பெனிக்காரங்களால நிரூபிக்க முடியல.

முதலாளி செலவுன்னு முனங்குனாருன்னா, கழுவ எடம் செஞ்சு குடுக்குறது அவரு தர்மம் பண்றது இல்லைன்னு பதமாச் சொல்லி வைங்க. 1948 ஃபாக்டரி சட்டத்துலயே (2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருச்சு) 42-வது பிரிவு அதுக்குன்னே இருந்துச்சு, போதுமான வசதி, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் தனித்தனியா, மறைவா, சுத்தமா வச்சிருக்கணும்னு. லேடீஸ் பக்கம் மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கான்னும் பாத்துருங்க, சோப்பு மாதிரியே அதுவும் யாரும் வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க.

சோப்போட சம்பந்தமில்லாட்டியும் ஒண்ணு, ஹவுஸ்கீப்பிங் ரூம்ல ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒரே ஷெல்ஃபுல இருந்தா இன்னைக்கே பிரிச்சு வைங்க. பீங்கான்ல ஆசிட் ஊத்தி, கறை போகலன்னு அது மேலயே பிளீச்சிங் பவுடரைத் தூவுனா குளோரின் வாயு வரும், கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நிக்கிற அக்காவுக்கு மூச்சே நின்னுரும். எங்க கம்பெனியில ஒருத்தங்க இருமிக்கிட்டே வெளிய ஓடி வந்து வராண்டாவுல உக்காந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

அப்பறம் பம்பு ஒடைஞ்சிருச்சுன்னு பாட்டிலோட தூக்கிப் போட்டுப் புதுசு வாங்காதீங்க, பம்பு மட்டும் தனியாவே விக்கிறாங்க, பாட்டில் வாய் அளவு மட்டும் பாத்து வாங்கணும். ஒரு அரை டஜன் வாங்கிட்டு வந்து அந்தக்கா கையிலயே குடுத்துருங்க. ஸ்டோர் பீரோவுல வைக்காதீங்க.